உப்பில் கிடந்த கணக்கு

2016 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை சின்ன முதலாளி போன் செய்தார். வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்று அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. "ஐயா, ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர் போயிடுச்சு. புதுசு வாங்கியாச்சு. ஆனா உங்க லாட் கணக்கு அதுல ஓடமாட்டேங்குது. கூலிக் கணக்கும் அப்படித்தான். ஒரு நடை வந்து பாருங்க" என்றார். ஆம்பூர் டேனரி ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்த லாட் கணக்கு நிரலை 1993-ல் எழுதியவனும் நான்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோல் வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதனிட்டு முடித்த தோல், துண்டுக் கணக்கில் விலை போவதில்லை; சதுர அடியில் போகிறது. ஒவ்வொரு தோலையும் அளவு மெஷினில் விட்டு, வரும் அளவைத் தோலின் பின்பக்கம் எழுதுவார்கள். எங்கள் ஆபீசில் கால் அடி வரைக்கும் கணக்கு வைப்போம். நாலே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று ஒரு லாட்டில் ஆயிரத்து எழுநூறு ஆட்டுத்தோல்கூட இருக்கும். ஒருவர் வாசிக்க ஒருவர் கூட்டி, தரவாரியாகப் பிரித்து, சரக்கு சென்னை பெரியமேட்டுக்கோ துறைமுகத்துக்கோ லாரி ஏறுவதற்குள் சீட்டு தயாராக வேண்டும். இரவு பதினொரு மணிவரை கூட்டியிருக்கிறோம். ஒரு கால் அடி தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

1991-ல் வேலூரில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய் இரவு திரும்புவேன். அங்கேதான் டர்போ சி-யின் அந்த நீலத் திரையை முதன்முதலாகப் பார்த்தேன். போர்லாண்ட் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட கம்பைலர் அது. எழுதுவது, கம்பைல் செய்வது, பிழை பார்ப்பது எல்லாம் ஒரே திரையில். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் சி படித்தவர்கள் பெரும்பாலும் அந்த நீலத்தில்தான் படித்தோம். இரண்டு வருடம் கழித்துப் பெரிய முதலாளி டாஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு 386 மெஷின் வாங்கினார். நான் ஆயிரத்து நூறு வரியில் லாட் கணக்கு எழுதினேன். கால் அடியை ஒன்று என்று வைத்துக்கொண்டேன். நாலே கால் அடி என்றால் 17. பின்னமே வராது, தப்பும் வராது என்று எண்ணினேன்.

தப்பு வந்தது. ஒரு பெரிய லாட்டுக்கு 8,500 சதுர அடி வரவேண்டிய இடத்தில் மைனஸ் 7,884 என்று சீட்டு அடித்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது. அன்று இரவு வீட்டுக்குப் போகாமல் தேடினேன். டர்போ சி-யில் சாதாரண முழுஎண்ணுக்கு 2 பைட்தான் இடம். 32,767-க்கு மேல் அதில் கொள்ளாது. 8,500 அடி என்றால் 34,000 கால்கள். பாத்திரம் வழிந்து எண் தலைகீழாகிவிட்டது. அதற்கு மேல் கொள்ளும் 'லாங்' வகைக்கு மாற்றினேன், சரியாயிற்று. எதற்காக மாற்றினேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த நினைப்புதான்.

கூலிக் கணக்கு வேறு ஆள் எழுதியது. சென்னையிலிருந்து வந்துபோன ஓர் இளைஞர் கிளிப்பர் மொழியில் எழுதிக் கொடுத்தார். கெட்டிக்காரர். கம்பைல் ஆன நிரலை மட்டும் கொடுத்துவிட்டு மூலநிரலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு முறையும் காசு. சில வருடத்தில் வெளிநாடு போய்விட்டார் என்று கேள்வி. அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நானும் என் மூலநிரல் இருந்த ஃபிளாப்பியை ஆபீசில் வைக்கவில்லை. வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் இல்லாமலே ஆபீஸ் நடந்துவிடுமோ என்ற பயம், பிள்ளைகள் படிக்கும் வயது. டிரம்மில் எந்த மருந்தை எத்தனை விழுக்காடு, எந்தச் சூட்டில் விடவேண்டும் என்பதை யாரிடமும் சொல்லாமல் இறந்துபோன மேஸ்திரிகளை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு அந்தத் தோலின் பதமும் போயிற்று. அதைப் பார்த்து வருத்தப்பட்டவன்தான், அதையே செய்தேன்.

சரி, 2016-க்கு வருகிறேன். என் தங்கை பேரன் அப்போது வேலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த இலவச மடிக்கணினிதான் அவனுடையது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளிவந்த இந்திய லினக்ஸ் இயங்குதளம் அது. அந்தப் பகுதியைத் திறந்துபார்க்காத பிள்ளைகளே அதிகம். இவன் திறந்தான், அதிலேயே தங்கிவிட்டான். அவனை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். புது மெஷினைப் பார்த்தவுடன் சொன்னான்: "தாத்தா, உங்க நிரல் 16 பிட். இது 64 பிட் விண்டோஸ். இதுல டாஸ் நிரலுக்கு வழியே கிடையாது."

காரணத்தை அவன் சொல்லச்சொல்ல எனக்கு ஒரு கதை மாதிரி இருந்தது. 1985-ல் இன்டெல் வெளியிட்ட 386 சில்லுக்குள்ளே ஒரு தனி ஏற்பாடு இருந்தது: பழைய 8086 சில்லைப் போல நடித்துக்காட்டும் ஓர் அறை. அதை வைத்துத்தான் எண்பதுகளின் கடைசியிலேயே யூனிக்ஸ் கணினிக்குள் டாஸ் நிரல்களை ஓட்டும் வி.பி./ஐ.எக்ஸ்., மெர்ஜ் போன்றவை வந்தன. 1992-ல் லினக்ஸுக்கு டாஸ்எமு வந்ததும் அதே வழியில்தான். லினக்ஸ் பிறந்தே அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது! பிறகு 64 பிட் சில்லுகள் வந்தபோது, முழு 64 பிட் நிலையில் அந்த அறைக்கு வாசல் இல்லாமல் போயிற்று. விண்டோஸ் அத்தோடு கைவிட்டது. லினக்ஸ்காரர்கள் விடவில்லை. சில்லு தராவிட்டால் போகட்டும், பழைய சில்லையே நிரலாக எழுதி நடிக்க வைப்போம் என்று இறங்கினார்கள். அதற்கு முன்பே, 2002-ல் வந்திருந்த டாஸ்பாக்ஸும் அப்படிப்பட்டதுதான். பழைய டாஸ் விளையாட்டுகளுக்காகப் பிறந்தது, இன்று எத்தனையோ கல்லூரி மாணவர்கள் டர்போ சி-யைத் திறப்பது அதற்குள்ளேதான்.

டாஸ் நிரல் தனிக்குடித்தனக்காரன். வீடு முழுக்கத் தன்னுடையது என்று நினைத்து வளர்ந்தது. திரையில் எழுத வேண்டுமென்றால் திரையின் நினைவகத்திலேயே நேராகக் கை வைக்கும். பிரிண்டரை நேராகப் பிடிக்கும். யாராவது ஒரு விசையை அழுத்துவார்களா என்று காத்திருக்கும்போதுகூட, இருக்கிற சக்தி முழுவதையும் தின்றுகொண்டே காத்திருக்கும். வேறு யாரும் இல்லையே என்ற எண்ணம். யூனிக்ஸும் அதன் வழியில் வந்த லினக்ஸும் கூட்டுக்குடும்பம். அங்கே எந்த நிரலும் சாதனத்தை நேராகத் தொட முடியாது, மையத்தில் இருக்கும் கர்னலிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒருவர் காத்திருந்தால் அந்த நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த வீட்டுக்குள் அந்தத் தனிக்குடித்தனக்காரனை எப்படி வைப்பது? பழைய மெஷினைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரல் அவனுக்கு ஓர் அறை கொடுக்கிறது. அறைக்குள் எல்லாம் பழையபடி இருக்கும். அவன் சி டிரைவ் என்று நினைப்பது உண்மையில் லினக்ஸில் ஒரு கோப்புறை. அவன் திரையின் நினைவகம் என்று எழுதுவதை எடுத்து ஒரு ஜன்னலில் காட்டுவார்கள். வெறுமனே காத்திருக்கிறான் என்று தெரிந்தால் மெதுவாக அவனைத் தூங்கவைப்பார்கள். அவனை ஏமாற்றுவதாகச் சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. என் மகன் சென்னை வீட்டில் எனக்குக் கொடுத்த அறையில் என் மரப்பெட்டியையும் சாய்வு நாற்காலியையும் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அதில் உட்காரும்போது நான் ஆம்பூரில் இருக்கிறேன். அதைச் செய்தவன் என் மனதை அறிந்து செய்தான்.

வேகமும் ஒரு தொந்தரவு என்று அன்றுதான் அறிந்தேன். டர்போ பாஸ்கலில் எழுதிய பல நிரல்கள் வேகமான பென்டியம் மெஷின்கள் வந்தபோது, தொடங்கியவுடனேயே பிழை 200 என்று சொல்லி நின்றுபோயின. எவ்வளவு நேரம் தாமதிக்க வேண்டும் என்று கணக்கிடும் சிறு பகுதி, அத்தனை வேகத்தை எதிர்பார்க்கவில்லை. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைக்க ஒரு விசை உண்டு. குறைத்தால் அந்த நிரல் மறுபடி நடக்கும். தன் காலத்தில் குறையில்லாமல் நடந்த ஒன்று, உலகம் வேகமானதாலேயே தடுக்கி விழுந்தது; நிதானமான இடம் கிடைத்ததும் எழுந்தது. வயதானவர்கள் அனைவருக்கும் இதில் ஆறுதல் இருக்கிறது.

பேரன் புது மெஷினில் லினக்ஸ் போட்டான். பெரிய கணக்கெல்லாம் எப்போதோ டேலி மென்பொருளுக்குப் போய்விட்டது, அது வேறு கணினியில். இந்த மெஷினுக்கு லாட்டும் கூலியும்தான் வேலை. டாஸ்பாக்ஸில் இரண்டும் திறந்தன. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் சீட்டு அடிக்கவில்லை; டாஸ்பாக்ஸின் மூலப் பதிப்பில் பிரிண்டர் ஏற்பாடு இல்லை. அவன் டாஸ்எமுவுக்கு மாற்றினான். அதில் டாஸ் நிரல் பிரிண்டருக்கு அனுப்புவதை லினக்ஸ் வாங்கித் தன் வரிசையில் போட்டு அடித்துக்கொடுக்கும். மாலையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று கூலிச் சீட்டை அடித்தபோது ஆபீசில் இருந்த எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

டாஸ்எமுவுக்குள் ஓடிய டாஸ், மைக்ரோசாஃப்ட்டுடையது அல்ல, ஃப்ரீடாஸ். டாஸின் காலம் முடியப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால் என்ற மாணவர், நாமே ஒரு டாஸ் எழுதி எல்லாருக்கும் கொடுப்போம் என்று 1994 ஜூன் 29-ல் அறிவித்தார். யார் யாரோ சேர்ந்து எழுதினார்கள். முதல் முழுப் பதிப்பு வர 2006 ஆயிற்று. பன்னிரண்டு வருடம்! முகம் தெரியாத ஒரு மாணவர் மூடி வைக்காமல் கொடுத்த வேலை, எங்கள் ஊர் டேனரியில் கூலி நாளன்று பெண்களுக்குச் சரியான தொகையைக் கணக்கிட்டுத் தருகிறது. அதே வருடங்களில் நான் என் ஃபிளாப்பியை பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

"இனி பிரச்சினை இல்ல" என்று சின்ன முதலாளி சொன்னார். நான் சொன்னேன்: "தம்பி, இது உப்புத் தோல். இன்னும் பதனிடல." அவருக்கு உடனே விளங்கியது. தோல்காரர் மகன் அல்லவா. உரித்த தோலுக்கு உப்புப் போட்டால் அழுகாது. சில மாதம் தாங்கும். ஆனால் அது அதே பச்சைத் தோல்தான், அழுகல் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. ஆவாரம்பட்டையோ கடுக்காயோ குரோமோ உள்ளே நார்வரை இறங்கினால்தான் அது தோல் என்ற பெயருக்குத் தகுதியாகிறது. பிறகு எந்த நாட்டுக்கும் போகலாம். உப்பைப் பற்றி எங்கள் ஊர்க்காரன் லேசாகப் பேச முடியாது. கழுவி விட்ட உப்பும் கழிவும் பாலாற்றுப் படுகையின் கிணறுகளை என்ன செய்தன என்பதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்குத் தீர்ப்பு சாட்சி. தற்காலிகமாகக் காப்பதற்கும் ஒரு விலை உண்டு. எமுலேட்டரில் ஓடும் நிரலை ஒவ்வொரு புது மெஷினுக்கும் யாரோ ஒருவர் அறிந்து தூக்கி வைக்க வேண்டும். மூலநிரல் இருந்தால் மட்டுமே பதனிட முடியும், புது ஊரின் கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். ஃபிளாப்பியில் பூஞ்சை பூத்திருந்தது. எந்த மெஷினும் படிக்கவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் என் மனைவி பழைய வருமான வரிக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு நீளத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓரத்தில் துளை போட்ட மடிப்புத் தாளில், 1995-ல் அந்தப் பிழையைத் திருத்தியபோது நானே அடித்த முழு நிரல். மை மங்கியிருந்தது, எழுத்து தெரிந்தது. பேரனும் நானும் மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஆயிரத்து நூறு வரியையும் தட்டினோம். நான் வாசித்தேன், அவன் அடித்தான்.

லினக்ஸின் கம்பைலரான ஜி.சி.சி.யில் கம்பைல் செய்தவுடன் நூற்றுக்கணக்கில் பிழை. திரையைத் துடைக்க நான் எழுதிய கட்டளை போர்லாண்டுக்கு மட்டும் சொந்தமானது. சி மொழியின் பொதுச் சொத்து அல்ல என்று இருபத்து மூன்று வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கெல்லாம் லினக்ஸில் வேறு நூலகம் இருந்தது. கோப்புப் பெயரைப் பெரிய எழுத்தில் ஓரிடம், சின்ன எழுத்தில் ஓரிடம் என்று இஷ்டத்துக்கு எழுதியிருந்தேன். டாஸ் பொறுத்துக்கொண்டது, லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு கோப்பாகப் பார்த்தது. கோப்புறைப் பாதையின் கோடுகூட எதிர்ப்பக்கம் சாய வேண்டும்.

பெரிய சிக்கல் பழைய தரவில் இருந்தது. ஒவ்வொரு லாட்டுக்கும் நான் வைத்த பதிவு 13 பைட்: லாட் எண்ணுக்கு 7, தோல் எண்ணிக்கைக்கு 2, மொத்தக் கால் அடிக்கு 4. அதே அமைப்பை ஜி.சி.சி. 24 பைட்டாகப் புரிந்துகொண்டது. அதன் கணக்கில் முழுஎண் 4 பைட், 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். அதோடு எண்கள் ஒழுங்கான எல்லையில் உட்கார வேண்டும் என்று நடுவில் வெற்றிடமும் விடும். விளைவு, ஒரு லாட்டில் கோடிக்கணக்கில் தோல் இருப்பதாகத் திரை காட்டியது. 2 பைட், 4 பைட் என்று அளவைச் சொல்லியே எழுதினோம், இடைவெளி விடாதே என்று கட்டளையும் கொடுத்தோம். பழைய லாட்டுகள் ஒவ்வொன்றாகச் சரியான எண்ணோடு வந்து நின்றன. அப்போது பேரன் கேட்டான்: "தாத்தா, எண்ணிக்கை சாதாரண முழுஎண், மொத்தம் மட்டும் ஏன் லாங்? ஏதாவது காரணம் இருக்கா?" அந்த மைனஸ் சீட்டின் கதையைச் சொன்னேன். அவன் அதை அப்படியே நிரலில் அந்த வரிக்கு மேலே குறிப்பாக எழுதினான். 1995-ல் நான் எழுதியிருக்க வேண்டிய மூன்று வரி.

கூலிக் கணக்கு இன்றும் உப்பில்தான் இருக்கிறது. மூலநிரல் மட்டும் இருந்திருந்தால் ஹார்பர் என்ற கம்பைலரில் போட்டு லினக்ஸுக்கே சொந்தமாக்கியிருக்கலாம். கிளிப்பர் மொழியைப் புரிந்துகொள்ளவே எழுதப்பட்டது அது, யாருக்கும் இலவசம். அது இல்லாததன் வலி 2019-ல் மறுபடி வந்தது. சீட்டின் தலைப்பில் 'நார்த் ஆற்காட்' மாவட்டம் என்று அந்த இளைஞர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். வட ஆற்காடு 1989-லேயே இரண்டாகிவிட்டது. அம்பேத்கர் பெயர் சேர்ந்தது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. சீட்டு மட்டும் வட ஆற்காட்டிலேயே நின்றது. பேரன் கம்பைல் ஆன கோப்பையே திறந்து அந்த எழுத்துகளைத் தேடிப் பிடித்தான். அங்கே ஓர் எழுத்துகூட அதிகமாக வைக்க முடியாது. பழையதற்கு ஆங்கிலத்தில் இடைவெளியோடு 16 எழுத்து. திருப்பத்தூர் மாவட்டம் 15-ல் முடிந்தது. கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நிரப்பினோம். இரண்டு எழுத்து கூடியிருந்தால் அதுவும் முடிந்திருக்காது.

பேரன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். லாட் கணக்கின் மூலநிரல், மடிப்புத் தாளின் நகல், எதை எங்கே மாற்றினோம் என்ற நாலு பக்கக் குறிப்பு மூன்றும் ஆபீஸ் அலமாரியில் திறந்தே இருக்கின்றன. போன வருடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், என்னைக் கேட்காமலேயே அதைப் படித்து, சதுர அடியோடு சதுர டெசிமீட்டர் கணக்கும் வரும்படி மாற்றிவிட்டாள். எனக்குப் போன் வரவில்லை. அதைவிடப் பெரிய மரியாதையை அந்த ஆபீஸ் எனக்குச் செய்ததில்லை.

வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் என்னைப் போலத் தொண்ணூறுகளில் நிரல் எழுதிய கணக்கர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் ஆபீசில் அப்படி ஒரு பழைய நிரல் ஓடிக்கொண்டிருந்தால், எழுதியவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். மூலநிரலைக் கேளுங்கள், ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே போங்கள்.